இடியன் துவக்கில் கரி பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருக்கிற அக்காவின் மகன், வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு அடைக்கிற றைபிள் ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் இலக்குச் சுடப் போய்வருகிறான். "நாலாவது வெடிக்குப் பிறகு குண்டு இறங்குதில்லை மாமா" என்று ஒரு நாள் எடுத்துக் கேட்டான். அதே வாரம் பக்கத்து வளவுத் தம்பியும் வந்து தன்னுடைய இடியனில் (அதுவும் வாய்ப்பக்கத்தால் இடித்து அடைக்கிற துவக்குத்தான்) மருந்துக்கு நெருப்புக் கொடுக்கிற சின்ன மூடியான கேப் மட்டும் வெடிக்கிறது, துவக்கு வெடிக்கவில்லை என்றான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், கரி. நான் வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் உழுந்தும் கச்சானும் நெல்லும் செய்கிறவன். அப்பாவிடம் ஒரு இடியன் இருந்தது, அது இடப்பெயர்வோடு போய்விட்டது. இப்போது இருப்பது பன்றிக் காவலுக்கென்று அனுமதி எடுத்து வாங்கியது. இவர்கள் இருவரும் மற்றவர்களும் கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்குத்தான் இது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இடியனுக்கும் பொருந்தும், பழைய சாமான்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கரி என்று எதைச் சொல்கிறீர்கள்? புகைக்கரிதானே?

இல்லை, வெறும் புகைக்கரி என்றால் இவ்வளவு பிரச்சினை வராது. கருமருந்து என்பது வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. இது எரியும்போது முழுவதும் காற்றாகப் போய்விடுவதில்லை. நோபிள், ஏபல் என்ற இரண்டு பிரித்தானியர்கள் மூடிய இரும்புக் கலத்துக்குள் மருந்தை வெடிக்க வைத்து அளந்து 1875இல் எழுதினார்கள். போட்ட மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. வெடி வைத்ததும் முன்னால் எழும்புகிற அந்த வெள்ளைப் புகை அதில் ஒரு பங்கு, மிச்சம் குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதில் பெரும்பங்கு பொட்டாசியம் உப்புகள்: காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு. அதோடு எரியாத கரியும் கந்தகமும். இதில் பொட்டாசியம் காபனேற்று வேறொன்றுமில்லை, உங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலில் இருக்கிற காரம்தான். மாரியில் சாம்பல் வாளியைத் தாழ்வாரத்தில் வைத்துப் பாருங்கள், மழை படாமலே இரண்டு நாளில் பிசுபிசுத்துக் கிடக்கும். அதே வேலையைத்தான் குழலுக்குள்ளும் செய்கிறது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். பிறகு துரு வராமல் என்ன செய்யும்?

இந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த ஒன்றில் இருந்துதான் வருகிறது.

எத்தனை வெடிக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

றைபிள் என்றால் ஒவ்வொரு வெடிக்கும். உள்ளே சுழன்று ஓடுகிற பள்ளங்களில் கரி நிரம்பினால் குண்டு இறங்காது, இறங்கினாலும் சுழற்சியைச் சரியாகப் பிடிக்காது, இலக்கில் ஒரு வெடி இங்கே ஒரு வெடி அங்கே என்று போகும். மூன்றுக்கு ஒருமுறை, ஐந்துக்கு ஒருமுறை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மருந்துக்கும் குண்டைச் சுற்றி வைக்கிற சீலைக்கும் அது சரியாக இருக்கலாம். ஆனால் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும், அதனால் நான் மருமகனுக்குச் சொன்னது ஒவ்வொரு வெடிக்கும் என்றுதான்.

எங்கள் இடியன் உள்ளே வழுவழுப்பான குழல், தும்புத் தக்கை வைத்து அடைப்பது. அது கொஞ்சம் பொறுக்கும். என்றாலும் ஒரு ராத்திரியில் இரண்டாவது வெடி வைக்க வேண்டி வந்தால் துடைத்துவிட்டுத்தான் அடைப்பேன், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெடித்த பிறகு குழலின் அடியில் கனிந்துகொண்டிருக்கிற துணுக்கு ஏதாவது கிடந்தால், மேலே கொட்டுகிற மருந்து கொட்டும்போதே பற்றிவிடும். ஈரச்சீலை அதையும் அணைக்கும். மருந்தை எப்போதும் சிறிய அளவுச்சிமிழில் எடுத்துத்தான் போட வேண்டும், மருந்துக் கொம்பையோ போத்தலையோ நேரே குழல் வாயில் சரிக்கவே கூடாது. பற்றினால் கையில் இருக்கிற முழு மருந்தும் சேர்ந்து போகும்.

எவ்வளவு ஈரம்? எப்படித் துடைப்பது?

பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டை எடுங்கள். நைலோன் கலந்தது வேண்டாம், அது சூட்டில் உருகி ஒட்டும். தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, இரண்டு விரலால் அழுத்தினால் விரல் ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போது மாவை மூடுகிற ஈரத்துணி இருக்குமே, அந்தப் பதம். சிலர் வாயில் வைத்து எச்சில் படுத்துவார்கள், எச்சிலும் நல்ல அளவுதான், ஆனால் ஈயம் பிடித்த கையால் வாயில் வைக்கிற பழக்கம் கூடாது.

சீலையை இடிகம்பியின் முனையில் மாட்டி மெதுவாக ஒரே போக்கில் அடிவரை இறக்குங்கள். அடியில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள், கரி ஊறட்டும். பிறகு அதே மெதுவில் வெளியே இழுங்கள். மேலும் கீழுமாக இழுத்து இடிக்க வேண்டாம். கூடிய ஈரத்தோடு அப்படி இடித்தால் சுவரில் இருந்த கரி முழுவதும் கூழாகி அடிக்குப் போய், கேப்பின் நெருப்பு வருகிற துளையை அடைத்துக்கொள்ளும். பக்கத்து வளவுத் தம்பிக்கு நடந்தது அதுதான். அவன் துடைக்காமல் விட்டவன் அல்ல, சொட்டச் சொட்டத் துடைத்தவன். கேப் வெடிக்கும், நெருப்பு மருந்துக்குப் போய்ச் சேராது.

வெளியே வந்த சீலையைப் பாருங்கள். வாய்ப்பக்கத்துக் கரி பழுப்பாகவும் அடிப்பக்கத்துக் கரி கட்டிக் கறுப்பாகவும் இருக்கும். மறுபக்கம் திருப்பி இன்னொரு முறை, பிறகு காய்ந்த சீலை ஒன்று. காய்ந்த சீலையை விட்டுவிட வேண்டாம், ஈரச் சுவரில் கொட்டுகிற மருந்து ஒட்டி நனையும்.

குண்டு பாதியில் இறுகிவிட்டது. அப்படியே வெடிக்க வைத்து வெளியேற்றலாமா?

கூடாது. ஒருபோதும் கூடாது.

குண்டு மருந்தின் மேல் போய் உட்கார வேண்டும். இடையில் வெளி இருந்தால் அந்தக் குண்டு குழலை அடைத்த மூடி மாதிரித்தான். வெடிக்கும்போது அந்த இடத்தில் குழல் வீங்கும், இல்லாவிட்டால் கிழியும். கிழிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் உங்கள் இடது கை இருக்கும்.

எனக்குப் பதினான்கு பதினைந்து வயதிருக்கும், அப்பாவின் துவக்கில் நான் அடைத்த குண்டு அடியில் இருந்து ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. இரண்டு வெடி வைத்து, துடைக்காமல், அவசரத்தில் மூன்றாவதை இடித்தேன். நிலத்தில் குத்தி இடிக்க இடிக்க இறுகியதே தவிர இறங்கவில்லை. அப்பா வந்து பார்த்தார், ஏசவில்லை. முதலில் கேப்பைக் கழற்றினார், வாயை வேலிப் பக்கம் திருப்பினார். கேப் உட்காருகிற துளையுள்ள முளையான நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளையால் மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்தார். வாய்ப்பக்கமும் தண்ணீர் விட்டு விடிய விடியச் சாத்தி வைத்தார். காலையில் கம்பியின் முனையில் திருகாணி பூட்டி, ஈயத்துக்குள் திருகி இழுத்தார், வந்தது. நனைந்த மருந்து சேறாகக் கொட்டியதை இப்போதும் கண்ணில் காண்கிறேன். கனடாவில் இதற்கென்றே திருகாணியும், நிப்பிள் வழியே காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளுகிற கருவியும் கடையில் விற்கிறார்கள் என்று மருமகன் சொன்னான்.

இது வராமல் இருக்க ஒரு வேலை செய்யுங்கள். சுத்தமான குழலில் வழக்கமான அளவு மருந்தும் குண்டும் போட்டு அடைத்துவிட்டு, குழல் வாயோடு இடிகம்பியில் ஒரு கோடு கீறுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாய்க்கு வர வேண்டும். இருட்டில் விரலால் தடவினாலும் தெரிய வேண்டும் என்பதால் நான் சுற்றிவரச் சின்னப் பள்ளமாகவே வெட்டி வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் சின்னக் குண்டு போட்டால் துடைக்காமலே சுடலாமே?

சுடலாம், படைகள் அப்படித்தான் சுட்டன. எங்கள் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் காலத்தில், 1803ஐ ஒட்டி, ஆங்கிலேயக் காலாட்படையின் வழக்கமான துவக்கு பிரவுன் பெஸ். குழல் 0.75 அங்குலம், குண்டு கிட்டத்தட்ட 0.69 அங்குலம்தான். சண்டைக்கு நடுவில் துடைக்க யாருக்கு நேரம்? கரி ஏறினாலும் குண்டு விழ வேண்டும் என்று இடம் விட்டார்கள், அதற்கு விலையாக நூறு யார் தூரத்துக்கு அப்பால் எங்கே படும் என்ற நிச்சயம் இல்லாமல் போனது. 1849இல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர், அடியில் குழிவான குண்டைக் கொண்டுவந்தார். போகும்போது தளர்வாக இறங்கும், வெடிக்கும்போது அடி விரிந்து பள்ளங்களைப் பிடிக்கும். கரிப் பிரச்சினைக்கு அது நல்ல மறுமொழி.

1857 சிப்பாய்க் கலகத்துக்குத் தீ வைத்த தோட்டாக் கொழுப்பும் இந்தக் கதைதான். என்ஃபீல்டு றைபிளின் தோட்டாவில் கொழுப்புப் பூசியதே குண்டு வழுக்கி இறங்கவும் கரி இளகி இருக்கவும்தான். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சுப் பரவியதும் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு தேன்மெழுகுக்கு மாறினார்கள். இந்திய வெக்கையில் கரி இறுகி அடைக்க முடியாமல் போனதால், 0.577 அங்குலக் குழலுக்கான குண்டையும் 0.568இல் இருந்து 0.55க்குக் குறைத்தார்கள்.

சுற்றுச்சீலையோடு உருண்டைக் குண்டு போடுகிற உங்களுக்கு இது தேவையில்லை. சீலை இறுக்கமாக இருந்தால் அதுவே இறங்கும்போது முந்தின வெடியின் கரியைக் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். சீலையைத் தளர்த்துவதை விடத் துடைப்பது நல்லது.

சுற்றுச்சீலைக்கு என்ன எண்ணெய்?

இயந்திர எண்ணெய், கிறீஸ், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். நிலத்தில் இருந்து எடுக்கிற எண்ணெய்களில் பல, கருமருந்தின் சூட்டில் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும், அதைச் சுரண்டத்தான் வேண்டிவரும். மரத்திலும் மாட்டிலும் வருகிற கொழுப்பு அப்படி இறுகாது.

எங்களுக்கு இதில் குறையே இல்லை. தேங்காயெண்ணெய் நல்லது, ஆனால் வன்னி வெக்கையில் தண்ணீராக ஓடும், சீலையில் நிற்காது. அதற்குத் தேன்மெழுகை உருக்கிக் கலக்க வேண்டும். தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு கேட்டால் தருவார்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரே நெருப்பில் வைக்காதீர்கள். நான் மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு என்று வைத்து, ஆறிய பிறகு விரலால் தொட்டுப் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன். சப்பாத்துப் பொலிஷ் பதம் வந்தால் போதும். கனடாக் குளிருக்கு அது கல்லாகிவிடும், மருமகன் மெழுகைக் குறைத்துக்கொண்டான். இலுப்பெண்ணெயும் ஆகும். நெய்யும் ஆகும். உப்புப் போட்ட பட்டர் ஆகாது, உப்பு துருவுக்கு அழைப்பு.

கோடையிலும் மாரியிலும் கரி வேறு மாதிரி இருக்கிறதே?

இருக்கும். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில், ஆடி ஆவணியில், காற்றில் ஈரமே இல்லை, கரி ஓடு மாதிரிக் காய்ந்து இறுகும். அப்போது சீலைக்கு ஒரு சொட்டு ஈரம் கூடுதலாக வேண்டும், அடியில் ஊறவிடுகிற நேரமும் கூட வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு மழை தொடங்கினால் கரி இளகியே இருக்கும், குண்டு இலகுவாக இறங்கும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் துரு பிடிப்பது அந்தக் காலத்தில்தான், ஒரே ராத்திரியில்.

மருந்தை மாற்றினால் கரி குறையுமா?

கொஞ்சம் குறையும். மணி சின்னதான மருந்து பொதுவாக முழுமையாக எரிந்து குறைந்த கரி விடும், வெளிநாட்டில் மூன்று எஃப் என்று எழுதியிருப்பது இரண்டு எஃப்பை விடச் சின்ன மணி. ஆனால் அழுத்தமும் கூடும், அதனால் துவக்கைச் செய்தவர்கள் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கருமருந்துக்குப் பதிலாக விற்கிற பைரோடெக்ஸ் குறைந்த கரி என்று நினைத்துச் சிலர் கழுவாமல் விடுகிறார்கள், அதில் பேர்குளோரேற்று இருக்கிறது, அதன் மிச்சம் இரும்பை நன்றாகவே அரிக்கும். இன்னொரு மாற்று மருந்தான டிரிபிள் செவன் தண்ணீரில் இலகுவாகப் போகும், ஆனால் குண்டு உட்காருகிற இடத்தில் வளையமாக ஒரு கட்டி விடுவதாக மருமகனும் சொல்கிறான். எதைப் போட்டாலும் கழுவத்தான் வேண்டும்.

இந்தக் காலத் தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டால் கரியே இல்லையாமே?

கரி இருக்காது, கையும் இருக்காது. புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு இடியன் குழல் செய்யப்படவில்லை. ஒரு சிட்டிகை கூட வேண்டாம்.

வெடித்ததும் வாயால் ஊதினால் கரி இளகும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

மூச்சின் ஈரத்தில் கரி இளகுவது உண்மை. ஆனால் குழல் வாயில் முகத்தை வைக்கிற எந்தப் பழக்கமும் வேண்டாம், ஈரச்சீலை அதை விட வடிவாக அந்த வேலையைச் செய்யும்.

எப்போது, எப்படிக் கழுவுவது?

அன்றைக்கே. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றால் கூடப் பரவாயில்லை, படுத்து எழும்பிப் பார்க்கலாம் என்பது கூடாது.

துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று இடிகம்பியை விட்டுப் பாருங்கள், கம்பி அடிவரை போக வேண்டும். நிப்பிளைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையில் போடுங்கள். குழல் கட்டையில் இருந்து கழலக் கூடியது என்றால் கழற்றி, அடிப்பக்கத்தை வாளித் தண்ணீருக்குள் விடுங்கள். இடிகம்பியில் இறுக்கமாகச் சீலை மாட்டி மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர்ப் பம்பி மாதிரி நிப்பிள் துளையால் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். துடைக்கும்போது கூடாது என்ற இடி இப்போது வேண்டும். முதல் இழுப்பிலேயே வாளி கறுக்கும், கூழ்முட்டை மணம் எழும்பும். அது சல்பைட்டின் மணம், அந்த மணம் நிற்கும் வரைக்கும் வேலை முடியவில்லை. தண்ணீரை மாற்றுங்கள். இரண்டாவது வாளி சாம்பல் நிறம், மூன்றாவது தெளிவு. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீர், அதனால் கடைசி அலசலுக்கு நான் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன்.

பிறகு காய்ந்த சீலை, ஒன்றன்பின் ஒன்றாக, சீலை காய்ந்தபடியே வெளியே வரும் வரை. நிப்பிள் துளையை ஊசியால் குத்திப் பாருங்கள். வெயிலில் அரை மணி நேரம் வாய் கீழாகச் சாத்திவிட்டு எண்ணெய்ச் சீலை ஒன்று விடுங்கள். இப்போது கரி இல்லை, ஆகவே துவக்கு எண்ணெயே போடலாம். தேங்காயெண்ணெய் சில வாரத்துக்குச் சரி, நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். நிப்பிளின் புரியில் ஒரு பொட்டுக் கிறீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த முறை இறுகிக்கொள்ளாது.

அடுத்த நாள் வெள்ளைச் சீலை ஒன்று விட்டுப் பாருங்கள். மஞ்சள் பழுப்பாக வந்தால் எங்கேயோ மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை.

கொதிநீர் ஊற்றினால் நல்லதா?

பழைய ஆட்கள் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள், குழல் சூடாகித் தானாகக் காயும் என்பதற்காக. காய்கிறதுதான், ஆனால் அந்தச் சூட்டிலேயே செம்மஞ்சளாக மெல்லிய துரு பூக்கும். கை பொறுக்கிற சூடு போதும். கரி கரைவதற்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

காவலுக்கு அடைத்தபடியே விடியும் வரை வைத்திருக்கலாமா?

கழுவிக் காய்ந்த குழலில் அடைத்தது ஒரு ராத்திரி தாங்கும். ஒரு வெடி வைத்த கரிக் குழலில் திரும்ப அடைத்து வைத்தால், கரி பனியை இழுத்து மருந்தை நனைக்கும், தேவையான நேரத்தில் வெடிக்காது. இல்லாவிட்டால் கேப் வெடித்து, ஒரு கணம் ஒன்றும் நடக்காமல், பிறகு வெடிக்கும். ஆகவே வெடிக்கவில்லை என்றால் ஒரு முழு நிமிடமாவது வாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி நில்லுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். கேப் போட்ட துவக்கைக் கொட்டிலில் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், பிள்ளைகள் வருகிற இடம் அது.

இதையே காட்டுப் பாதையில் கயிறு தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்காகக் கட்டி வைக்கிறவர்கள் என்னிடம் கரியைப் பற்றிக் கேட்க வேண்டாம். விறகுக்குப் போன மனிதரின் கால் எது, பன்றியின் கால் எது என்று அந்தக் கயிற்றுக்குத் தெரியாது.

நன்றாகக் கழுவி எண்ணெய் போட்டு வைத்த துவக்கு முதல் வெடிக்கு வெடிக்கவில்லை, ஏன்?

அந்த எண்ணெயால்தான். குழல் வாய் மேலே பார்த்தபடி சாத்தி வைத்தால் எண்ணெய் வழிந்து அடியில் சேர்ந்து நிப்பிள் துளையை நிரப்பும், மருந்தையும் நனைக்கும். முதலில் காய்ந்த சீலையால் எண்ணெய் முழுவதையும் எடுங்கள். பிறகு வெறும் குழலில், வெளியில், வாயை நிலத்தில் கிடக்கிற காய்ந்த இலை ஒன்றுக்குக் கிட்டப் பிடித்து, கேப் மட்டும் போட்டுத் தட்டுங்கள். இலை பறந்தால் வழி திறந்திருக்கிறது. பறக்காவிட்டால் நிப்பிளைக் கழற்றி ஊசி விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள், இலை அசைந்த பிறகு காய்ந்த சீலை ஒன்று, அதற்குப் பிறகுதான் மருந்து.